சினிமா கிராபிக்ஸ் படிப்பு: பணம் கட்டும் முன் பட்டறையைப் பாருங்கள்

"காதலன்" படம் நினைவிருக்கிறதா? 1994-ல் வந்தது. "முக்காலா" பாட்டில் பிரபுதேவா ஆடிக்கொண்டே இருப்பார். திடீரென்று தலையைக் காணோம்! கையைக் காணோம், காலையும் காணோம். தொப்பியும் உடுப்பும் பூட்சும் மட்டும் தனியாக ஆடும். அந்த ஆண்டு தந்திரக் காட்சிகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

தியேட்டரில் விசிலடித்தவர்கள் ஒன்றை யோசித்திருக்க மாட்டார்கள். சினிமா என்பது ஒரு வினாடிக்கு 24 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. தலை மறைய வேண்டும் என்றால் அத்தனை படத்திலும் தலையை அழித்தாக வேண்டும். அழித்த இடம் ஓட்டையாக நிற்கக் கூடாது. தலைக்குப் பின்னால் என்ன இருந்ததோ, சுவரோ வானமோ, அதைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

அந்த யாரோ ஒருவர் இன்றைக்கு நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். மும்பையில் மலாடு, கோரேகாவ், அந்தேரி வட்டாரத்தில் இந்த வேலைக்கென்றே பெரிய பெரிய கூடங்கள் உண்டு. ஏ.சி. ஓடும். விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஹாலிவுட் படத்துக் காட்சிகளும் அங்கே வருகின்றன, நம் ஊர்ப் படத்துக் காட்சிகளும் வருகின்றன. தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துப் பிள்ளைகள் சயானில் ஏறி, தாதரில் இறங்கி, பாலம் தாண்டி மேற்கு ரயில்வேக்கு மாறி, போரிவிலி வண்டியைப் பிடிக்கிறார்கள். ராத்திரி ஷிப்டு என்றால், வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு கூட்டமாக இவர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரு படிப்பு இருக்கிறது. அதற்குப் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு, யாரிடம், எதற்காக என்பதில்தான் பல தமிழ்க் குடும்பங்கள் விழிக்கின்றன.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை, "அப்பா, நான் வி.எப்.எக்ஸ். படிக்கிறேன்" என்று ஒரு வண்ண நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டுகிறது. அதில் டைனோசர் படம், பறக்கும் கார் படம். கீழே "நூறு சதவீத வேலை வாய்ப்பு" என்று கொட்டை எழுத்து. அப்பாவுக்கு இது சினிமா சமாச்சாரம் என்பது மட்டும் தெரிகிறது. "சினிமாவா? அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று சொல்லும் அப்பாக்கள் ஒரு பக்கம். பிள்ளை ஆசைப்படுகிறதே என்று ஊர் நிலத்தை அடகு வைக்கும் அப்பாக்கள் இன்னொரு பக்கம். இந்தத் தொழில் என்னவென்று தெரியாமல்தான் இரண்டு பேருமே முடிவெடுக்கிறார்கள்.

கறுப்பு நூல் காலம்

தந்திரக் காட்சி இந்த மும்பைக்குப் புதிதல்ல. 1937-ல் "குவாப் கி துனியா" என்ற இந்திப் படம் இங்கே வந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவன். பொருள்கள் தாமாக நகரும். செய்தவர் பாபுபாய் மிஸ்திரி. கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு நூலைக் கட்டிப் பொருளை இழுத்தார். கேமராவுக்கு நூல் தெரியவில்லை, பொருள் மட்டும் தெரிந்தது. "காலா தாகா", அதாவது கறுப்பு நூல் என்றே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

சென்னையில் அதே வித்தையை வேறு விதமாகக் காட்டியவர் மார்கஸ் பார்ட்லி. "பாதாள பைரவி"யும் "மாயா பஜாரு"ம் அவர் கேமராவில் எடுத்தவை. 1951, 1957. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம். 1987-ல் வந்த "மிஸ்டர் இந்தியா"விலும் பீட்டர் பெரைரா என்பவர் மாயங்களை எல்லாம் கேமராவுக்குள்ளேயே செய்து காட்டினார். ஒரே பிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு முறை ஒரு பாதியை மறைத்து, மறுமுறை மறு பாதியை மறைத்து எடுப்பது அந்த முறை.

இவர்கள் காலத்தில் இதற்கென்று தனிப் படிப்பு எங்கே இருந்தது? ஸ்டூடியோவில் ஒரு பெரியவரிடம் சேர்ந்து, சாமான் தூக்கி, லென்சு துடைத்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் வழி. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பிலும் பரேல் ஒர்க்‌ஷாப்பிலும் அப்ரண்டிசாகச் சேர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். காலையில் கொஞ்சம் வகுப்பு. மீதி நேரம் மேஸ்திரி பக்கத்தில். இரும்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் கைக்கு அளவு பிடிபடும். எத்தனை பாடப் புத்தகம் படித்தாலும் அது வராது.

ரோட்டோ என்றால் என்ன?

இப்போது வேலையைப் பார்ப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் "ரோட்டோ" வேலை. கதாநாயகன் ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் வேறு ஊர் வைக்க வேண்டும். அதற்கு அவனை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். பத்திரிகையில் இருந்து கத்தரிக்கோலால் நடிகர் படத்தை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவார்களே, அதேதான். ஆனால் இங்கே கத்தரிக்கோல் இல்லை. மவுசோ பேனாவோ பிடித்து உருவத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். அவன் நகர நகரக் கோடும் நகர வேண்டும்.

ஐந்து வினாடிக் காட்சி என்றால் 120 படம். முழு உடம்புக்கும் ஒரே கோடு போட்டால் சரிவராது. தலை தனி, தோள் தனி, மேல்கை தனி, முழங்கை தனி, விரல்கள் ஒவ்வொன்றும் தனி. வேகமாகக் கை வீசினால் விளிம்பு கலங்கும். அந்தக் கலங்கலையும் கோட்டில் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் விடத் தொல்லை தலைமுடி. காற்றில் கூந்தல் பறக்கும் காட்சி கிடைத்த பிள்ளை அன்று வீட்டில் யாரோடும் பேசாது.

இன்னொரு வேலை "பெயிண்ட்" அல்லது "பிரெப்" என்பது. சண்டைக் காட்சியில் ஆளைக் கயிற்றில் கட்டித் தூக்கி இருப்பார்கள். அந்தக் கயிற்றை அழிக்க வேண்டும். கறுப்பு நூல் தெரியாமல் இருக்க பாபுபாய் மிஸ்திரி பாடுபட்டார். இன்று இரும்புக் கம்பியே நன்றாகத் தெரியும்படி எடுத்துவிட்டு, பிறகு அழித்துக் கொள்கிறார்கள்.

அடுத்த படி "மேட்ச் மூவ்". படம் எடுத்த கேமரா எப்படி நகர்ந்தது, எந்த உயரத்தில் இருந்தது என்று படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் வேலை இது. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது. அதற்கும் மேலே "காம்போசிட்டிங்". வெட்டி எடுத்த ஆள், கம்ப்யூட்டரில் செய்த புலி, எங்கோ எடுத்த கடல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்தில் எடுத்தது போலக் காட்டுவது. இங்கே மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. மாலை வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும், தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது, ஈரத் தரையில் விளக்கு எப்படிப் பிரதிபலிக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைத் துணி விஷயத்தைப் பலரும் கேட்கிறார்கள். மனிதத் தோலில் பச்சை இல்லை. தவிர, டிஜிட்டல் கேமராவின் கண்ணில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இருப்பதைவிடப் பச்சைக்கு இரண்டு மடங்கு புள்ளிகள். அதனால் பச்சையைத் தனியாகப் பிரித்து எடுப்பது எளிது. பிலிம் காலத்தில் நீலத் துணிதான் அதிகம். கதாநாயகி பச்சைப் புடவை கட்டி வந்தால் இன்றும் நீலம்தான்!

சமுதாயக் கல்லூரி

இந்த மாதிரித் தொழிலைக் குறைந்த செலவில் சொல்லிக் கொடுக்க அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் சமுதாயக் கல்லூரி. 1901-ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் முதல் கல்லூரி தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்கள், வேலை பார்த்துக்கொண்டே மாலையில் வந்து இரண்டு வருடப் படிப்பு படிக்கலாம். அந்தந்த ஊரில் என்ன தொழிலோ அதற்கேற்ற பாடம் இருக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் என்ன தொழில்? சினிமாதான். அங்கே சாண்டா மோனிக்கா கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரி, பொழுதுபோக்குத் தொழில்நுட்பத்துக்கென்றே தனி வளாகம் வைத்து அனிமேஷன், வி.எப்.எக்ஸ். எல்லாம் சொல்லிக் கொடுக்கிறது. கட்டணத்தைக் கேளுங்கள். கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 யூனிட். மொத்தம் 2,760 டாலர். ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லூரியில், அந்த ஊர்ப் பணக் கணக்கில் இது மிகச் சொற்பம்.

இதைக் காட்டி யாராவது ஏஜென்ட் உங்கள் பிள்ளையை அனுப்பி வைக்கிறேன் என்று வந்தால் ஏமாந்து விடாதீர்கள். அந்தக் கட்டணம் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அது பல மடங்கு.

இந்த யோசனை இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இறங்கியது நம்மவர் மண்ணில்தான். 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னையில் ஒன்று. படிப்பை விட்டு நின்றவர்கள், ஏழைப் பெண்கள், வேலை இல்லாத இளைஞர்கள் சேரலாம். வாழ்க்கைக்கு வேண்டிய பாடம், தொழில் பாடம், அதன்பின் தொழில் நடக்கும் இடத்திலேயே போய்ப் பயிற்சி என்பது அதன் அமைப்பு. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே சமுதாயக் கல்லூரித் திட்டத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. 2014-ல் "பி.வோக்." என்ற தொழிற்பட்டப் படிப்பு வந்தது. ஒரு வருடம் முடித்து நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடம் என்றால் மேல் டிப்ளமோ, மூன்று வருடம் முடித்தால் பட்டம். வீட்டுக் கஷ்டத்தால் பாதியில் நிற்க வேண்டி வந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். அனிமேஷன், வி.எப்.எக்ஸ். பாடத்தை பி.வோக். முறையில் நடத்தும் கல்லூரிகளும் நாட்டில் உண்டு.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. நம்மவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஐ.டி.ஐ. என்றால் பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன் என்றுதான் நினைக்கிறோம். ஐ.டி.ஐ. தொழில்களின் பட்டியலில் "மல்டிமீடியா, அனிமேஷன் அண்ட் ஸ்பெஷல் எபெக்ட்ஸ்" என்று ஒரு தொழிலும் இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. பத்தாவது தேறியிருந்தால் போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது, விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் கிடைத்துவிட்டால் கட்டணம் தனியார் நோட்டீசில் போட்டிருக்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

மத்திய அரசும் இந்தத் துறையைப் பற்றிச் சில வருடங்களாகப் பேசி வருகிறது. 2022 பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு பணிக்குழு அறிவித்தார்கள். 2025-ல் மும்பையிலேயே இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. இது மேல்மட்டப் படிப்பு. தாராவிப் பிள்ளைக்கு அது எவ்வளவு எட்டும் என்பது போகப் போகத்தான் தெரியும். உள்ளூர் ஐ.டி.ஐ.யில் இருபது நல்ல கம்ப்யூட்டரும் தொழில் தெரிந்த இரண்டு வாத்தியாரும் போட்டால் அதைவிடச் சீக்கிரம் பலன் தெரியும்.

சம்பளமும் ராத்திரியும்

வேலை கிடைத்த பின் கதை என்ன? பட அளவு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை படம் முடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருப்பார்கள். முடித்ததை மேலே அனுப்பினால் பார்த்துவிட்டு "இடது காது அசைகிறது" என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும். மறுபடியும். கனடாவில் காலை விடியும்போது இங்கே மாலை, அல்லது ராத்திரி. அவர்கள் கேட்கும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். படம் வெளியாகும் தேதி நெருங்கினால் கண் விழிப்புத்தான். முதுகும் மணிக்கட்டும் கண்ணும் சொல்லும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மராட்டியத்தில் 2017-ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ராத்திரி வேலைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் வீடு திரும்ப வண்டியும் முதலாளி பொறுப்பு. கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

இந்தத் தொழிலின் பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை இங்கே நடக்கிறது. ஆர்டர் எங்கிருந்தோ வருகிறது. அங்கே தும்மினால் இங்கே காய்ச்சல்.

"லைப் ஆப் பை" படம் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிப் பையன் ஒருவன் புலியோடு கடலில் தத்தளிக்கும் கதை. அந்தப் புலி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறந்தது. செய்தது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம். மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள். நம் பிள்ளைகளின் உழைப்பும் அந்தப் படத்தில் உண்டு. 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே பிப்ரவரியில், விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்பே, அந்த நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது! படத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய தொகை. தயாரிப்பாளர்கள் காட்சியை எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் அதே தொகை. எந்தக் கான்டிராக்டர்தான் தாங்குவார்?

2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்களும், நடிகர்கள் 118 நாட்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானதாகவே இருக்கட்டும். ஷூட்டிங் நின்றால் வெட்டி எடுக்கப் படம் எங்கே வரும்? வேலை நிறுத்தம் முடிந்த பின்னும் வேலை பழையபடி வரவில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய குழுமமே விழுந்தது. "முபாசா" சிங்கப் படத்தைச் செய்து கொடுத்து, அது வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகி இருந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் எத்தனை பேர் படிப்புக் கடனின் பாதித் தவணையில் இருந்தார்களோ!

கம்ப்யூட்டரே கோடு போட்டால்?

புதிய கவலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆளைச் சுட்டிக் காட்டினால் தானாகவே உருவத்தைச் சுற்றிக் கோடு போடும் கருவிகள் 2020-க்குப் பிறகு சாதாரண மென்பொருள்களிலேயே வந்துவிட்டன. பறக்கும் கூந்தல், புகை, கூட்டத்தில் ஒருவர் மீது ஒருவர் மறைத்து நிற்பது போன்ற இடங்களில் அவை தடுமாறுகின்றன. அங்கே இன்னும் மனிதக் கைதான் திருத்துகிறது. ஆனால் எளிய காட்சிகளில் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. இவ்வளவு நாளும் ஏணியின் முதல் படியாக இருந்தது ரோட்டோ. அந்தப் படி தேய்கிறது.

ஆகவே எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று மட்டும் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்து அனுப்பும் இடத்தில் பணம் கட்டுவது ஆபத்து. பட்டன் அடுத்த வருடம் மாறிவிடும். ஓவியம், போட்டோ எடுத்தல், வெளிச்சம், நிறம், உடல் அசைவு இவற்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கற்ற பிள்ளை எந்த மென்பொருள் வந்தாலும் சமாளிக்கும். விளம்பரப் படம், டி.வி., வீடியோ கேம், கட்டட மாதிரிப் படம் என்று வேறு வாசல்களும் அதற்குத் திறக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு கணக்குப் போடுவோம். தனியார் நிலையத்தில் கட்டணம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களே ஒரு கடன் நிறுவனத்தைக் காட்டுகிறார்கள். வட்டி 12 சதவீதம், மூன்று வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 9,960 ரூபாய். மொத்தம் 3 லட்சத்து 58 ஆயிரத்துச் சொச்சம். பிள்ளைக்கு முதல் சம்பளம் 15 ஆயிரம் என்றால் தவணை போக மிச்சம் 5 ஆயிரம். அதில் சீசன் டிக்கெட், சாப்பாடு, போன். ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி?

இந்தக் கடனில் இன்னொரு சூட்சுமம். கடன் தொகை நேராக நிலையத்துக்குப் போய்விடும். உங்கள் கைக்கு வராது. பிள்ளை இரண்டாம் மாதமே பிடிக்கவில்லை என்று நின்றாலும் தவணை நிற்காது. நின்றால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நேரில் போங்கள். வரவேற்பு அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்து வீடியோ போட்டுக் காட்டுவார்கள். அதோடு திரும்பி வராதீர்கள். வகுப்பு நடக்கும்போது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேருக்கு ஒன்றா? வகுப்பு முடிந்த பின்னும் உட்கார்ந்து பழக விடுவார்களா? சொல்லிக் கொடுப்பவர் எந்தப் படத்தில் வேலை பார்த்திருக்கிறார்? சென்ற வருடம் முடித்த மாணவர் நான்கு பேரின் போன் நம்பர் தருவார்களா? அவர்களிடம் பேசினால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

"வேலை வாய்ப்பு" என்ற வார்த்தையையும் பிரித்துக் கேளுங்கள். வேலையா, இன்டர்வியூவுக்கு அனுப்புவதா? பயிற்சிக் காலத்தில் ஸ்டூடியோவுக்கு எத்தனை வாரம் அனுப்புவார்கள்? சமுதாயக் கல்லூரியின் உயிரே அந்தப் பட்டறைப் பயிற்சியில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மூன்று லட்சம் கொடுத்து மென்பொருளின் மெனுவைப் பாராமல் ஒப்பித்த கதைதான்.

இன்னொன்று. இந்தத் தொழிலில் முதலாளி சான்றிதழைக் கடைசியில்தான் பார்க்கிறார். முதலில் கேட்பது "ஷோ ரீல்". பிள்ளை தானே செய்த காட்சிகளைக் கோர்த்த ஒன்றிரண்டு நிமிடப் படம். அதன்பின் உட்கார வைத்து ஒரு காட்சியைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். நிலையத்தில் எல்லா மாணவருக்கும் ஒரே காட்சியைக் கொடுத்து ஒரே மாதிரி ரீல் செய்து தருவது உண்டு. வேலை கொடுப்பவர் அதை முதல் மூன்று வினாடியில் கண்டுபிடித்துவிடுவார்.

பணம் கட்டாமலே முதலில் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. "பிளெண்டர்" என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். 2002-ல் அதை உருவாக்கியவர்கள் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார்கள். அந்த பிளெண்டரில் செய்த "ப்ளோ" என்ற லாட்வியா நாட்டுப் பூனைப் படம் 2025-ல் அனிமேஷன் ஆஸ்கர் வாங்கியது. காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும் வேலைக்கு "டாவின்சி ரிசால்வ்" மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். பாடங்கள் இணையத்தில் தமிழிலும் இந்தியிலும் கிடைக்கின்றன. கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான். பழையதாக வாங்கினாலும், நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டாலும் தொடங்கலாம்.

செல்போனில் தம்பி நடந்து வருவதை ஐந்து வினாடி படம் எடுக்கச் சொல்லுங்கள். அவனைச் சுற்றி ஒவ்வொரு படத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆகட்டும். பிள்ளை முடித்துவிட்டு இன்னொன்று தா என்று கேட்டால் ஐ.டி.ஐ.க்கு விசாரிக்கப் போகலாம். இரண்டாம் நாளே பூட்டி வைத்துவிட்டால் உங்கள் மூன்று லட்சம் தப்பித்தது.

மராட்டியத்தில் ஐ.டி.ஐ. சேர்க்கை இணையம் வழியாகத்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பின் விண்ணப்பம் திறப்பார்கள். மார்க் ஷீட், பள்ளி விட்ட சான்றிதழ் இரண்டும் தயாராக இருக்கட்டும். பத்தாவதை இங்கேயே படித்த பிள்ளைக்குச் சிரமம் குறைவு. திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ தாத்தா வீட்டில் இருந்து படித்துவிட்டு இப்போதுதான் மும்பை வந்த பிள்ளை என்றால், டொமிசைல் சர்டிபிகேட் எப்படி என்று இப்போதே தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் முதல் வேலை அதுதான்.